தட்டில் குறைவதும் தாளில் குறைவதும்: புரதக் குறைபாட்டைப் புரிந்துகொள்வோம்

வீங்கிய கால்களோடு தாயாரை அழைத்துக்கொண்டு மகன் வருகிறார். ஒரு கையில் இரத்தப் பரிசோதனைத் தாள். மறு கையில் புரத மாவு டப்பா. தாளில் அல்புமின் 2.4 என்று அச்சாகி, அதன் அருகே கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் இருக்கிறது. புரதம் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள், ஒரு மாதமாக இந்த மாவைப் பாலில் கலந்து இரண்டு வேளை கொடுத்தும் வீக்கம் வடியவில்லை என்கிறார். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தால் அதில் புரதம் கொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மையாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிவிட்டது. குறை தட்டில் இல்லை, வடிகட்டியில் இருந்தது. டப்பாவை நம்பியதில் ஒரு மாதம் வீணாயிற்று.

அதே வாரத்தில் இன்னொரு பெண்மணி வருகிறார். நடக்கத் தெம்பில்லை, படி ஏறினால் தொடை நடுங்குகிறது, முடி கொட்டுகிறது. கன்னமும் புயங்களும் ஒட்டிப்போயிருக்கின்றன. அவருடைய தாளில் அல்புமின் 4.1. அம்புக்குறி ஏதுமில்லை. "எல்லாம் நார்மல் என்றுதானே இருக்கிறது" என்று வீட்டார் கேட்கிறார்கள். அவர் ஒரு நாளில் என்னென்ன உண்கிறார் என்று கேட்டு எழுதிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. தேவைப்படும் புரதத்தில் பாதிதான் அவர் உடலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

சூளகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இவ்விரண்டு நிலைகளையும் நாங்கள் மீண்டும் மீண்டும் காண்கிறோம். தாளில் தெரியும் புரதக் குறைவும் தட்டில் ஏற்படும் புரதக் குறைவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் சிலர் தேவையற்ற டப்பாவுக்குப் பணம் கொடுக்கிறார்கள். சிலர் தேவையான முட்டையையும் பருப்பையும் தவறவிடுகிறார்கள். இக்கட்டுரை அந்த வேறுபாட்டை விளக்கவே எழுதப்படுகிறது.

புரதத்திற்குக் கிடங்கு இல்லை

தசை, தோல், முடி, நகம், நோயை எதிர்க்கும் பொருள்கள், செரிமான நொதிகள், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என யாவும் புரதத்தால் ஆனவை. உண்ட உணவு மிகுந்தால் உடல் அதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். புரதத்தைச் சேர்த்து வைக்க அவ்வாறான தனிக் கிடங்கு உடலில் இல்லை. இன்று வேண்டிய புரதம் இன்றைய உணவிலிருந்து வரவில்லையெனில் உடல் தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இதயம், கல்லீரல் போன்ற இன்றியமையாத உறுப்புகளுக்காகக் கை கால்களின் தசை முதலில் செலவாகிறது.

ஆகையால் குறைபாடு ஒரே நாளில் தெரிவதில்லை. சோர்வு, தசை மெலிவு, முடி உதிர்தல், புண் ஆறத் தாமதம், அடிக்கடி சளி காய்ச்சல் என்று மெல்ல வெளிப்படுகிறது. குழந்தையானால் வளர்ச்சி தடைப்படும். கருவுற்ற பெண்ணானால் குழந்தையின் எடை குறையலாம். முதியவரானால் தடுக்கி விழுவதும், விழுந்தபின் எழ இயலாமற் போவதும் நேரும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தையல் விடுவதும், படுக்கையில் கிடப்பவருக்குப் படுக்கைப்புண் வருவதும் இதன் விளைவாக இருக்கலாம். தொற்று வந்துவிட்டால் தேவை கூடுகிறது, பசியோ குறைகிறது. மெலிந்தவர் மேலும் மெலிகிறார்.

ஒரு நாள் கணக்கு

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல்நலமுள்ள பெரியவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் தரமான புரதம் போதும். ஆனால் பெரும்பகுதி தானியமே உண்பவர்க்குக் கிலோவுக்கு 1 கிராம் என்று கொள்வது பொருத்தம். தானியப் புரதம் முழுமையாகப் பயன்படுவதில்லை. ஆக, 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 50 கிராம். கருவுற்ற இறுதி மூன்று மாதங்களில் இத்தேவைக்கு மேல் 22 கிராம் கூடுதலாக வேண்டும்.

மேலே கூறிய பெண்மணி உண்டதைக் கணக்கிட்டோம். காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழ்: 3.5 கிராம் புரதம். நண்பகலில் 100 கிராம் மாவில் களி: 7 கிராம். தொட்டுக்கொள்ள நீர்த்த சாறு: 2 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். இரவில் 120 கிராம் அரிசிச் சோறும் ரசமும்: 9.5 கிராம். இரு வேளைத் தேநீரில் சேர்ந்த பால்: 3 கிராம். மொத்தம் 25 கிராம். வயிறு நிறைந்ததால் தமக்குக் குறை ஏதும் உண்டென அவர் நினைக்கவே இல்லை.

மீதி 25 கிராமை எங்கிருந்து பெறுவது? 30 கிராம் கொள்ளு (சமைக்கும் முன் ஒரு சிறு கைப்பிடி): 6.5 கிராம். 30 கிராம் வேர்க்கடலை: 7 கிராம். ஒரு முட்டை: 6 கிராம். 200 மில்லி பால் அல்லது அதே அளவு பாலில் உறைந்த தயிர்: 6.5 கிராம். கூட்டினால் 26. இவற்றில் எதுவும் மருந்துக் கடையில் வாங்க வேண்டியதன்று. முட்டை உண்ணாதவர் பருப்பையும் பாலையும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். சோயாவை உண்ணலாம், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கோழிக்கறியோ மீனோ 100 கிராம் உண்டால் ஏறத்தாழ 20 கிராம் கிடைக்கும். ஆனால் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி உண்டு, மற்ற ஆறு நாள்களும் ரசத்தோடு முடித்துக்கொள்வது கணக்கை நேர்செய்யாது. முன்னரே சொன்னோம், கிடங்கு இல்லை.

களியும் அவரையும்

கேழ்வரகைக் குறைகூறுவதாக எவரும் எண்ணலாகாது. களி என்றும் முத்தே என்றும் சங்கடி என்றும் மூன்று மொழியினரும் மூன்று பெயரால் அழைக்கும் அவ்வுணவு இப்பகுதியின் வலிமை. சுண்ணாம்புச்சத்து மிக்கது. ஆனால் எல்லாத் தானியங்களையும் போலவே அதன் புரதத்திலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகைகளில் லைசின் நிறைவு. அவற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் ஒரே நாளின் உணவில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

நம் வட்டாரத்து உழவர் இதனை வேதியியல் படித்துச் செய்யவில்லை. கேழ்வரகுக் கொல்லையில் இடையிடையே சால் விட்டு அவரை விதைப்பது ஓசூர்ப் பக்கத்திலும் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் நெடுங்கால வழக்கம். கன்னடத்தில் அதற்கு அக்கடி சால் என்றே பெயர். நிலத்தில் சேர்ந்து வளர்ந்தவை தட்டிலும் சேர்ந்தன. மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் குழம்பை ஒருமுறையேனும் உண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்நிலங்களில் பெரும்பகுதி கொத்தமல்லி, புதினா, தக்காளி, முட்டைக்கோசு, ரோஜா என்று சந்தைக்கான பயிர்களுக்கு மாறியிருக்கிறது. வருமானம் வருகிறது, நல்லதே. ஆனால் களி வீட்டில் நீடிக்க, அவரை கடையில் விலை கேட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. விலை ஏறும்போது முதலில் குறைவது குழம்பின் பருப்புதான். களியின் அளவு குறைவதில்லை. வயிறு நிறைகிறது, தட்டு நிறைவதில்லை.

கொள்ளைப் பற்றியும் ஒரு சொல். அதை வேகவைத்து, தெளிந்த நீரை ரசத்திற்கு எடுத்துக்கொண்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. புரதத்தின் பெரும்பங்கு அந்தக் கொள்ளிலேயே தங்கிவிடுகிறது. நீரில் இறங்குவது சிறிதளவே. மாடு வாழட்டும், ஆயினும் ஒரு கரண்டி கொள்ளையேனும் கடைந்து களிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பருப்பை விடுத்துப் பருப்புத் தண்ணீரை மட்டும் ஊட்டுவதும், நோயாளிக்குக் கறியை எடுத்துவிட்டுச் சூப்பை மட்டும் கொடுப்பதும் இதே வகைப் பிழைகள்.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இப்பகுதியின் உணவுநேரமும் மாறிவிட்டது. முறைவேலைக்குச் செல்லும் இளையோர், வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள், காலையில் தேநீரும் பன்னும், இரவு வேலையில் பிஸ்கட்டும், விடிந்ததும் உறக்கமும் என வாழ்கின்றனர். முடி உதிர்வதாகச் சொல்லி எண்ணெயும் ஷாம்புவும் மாற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் வருவோர் பலர். இவர்களுக்கு இரத்தசோகை, தைராய்டு முதலியவற்றையும் பார்க்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் பையில் இரண்டு அவித்த முட்டையோ ஒரு பொட்டலம் வறுத்த கடலையோ இருந்தால் இரவு வேலையின் பாதிச் சிக்கல் தீரும். விடுதியில் அடுப்பு இல்லையே என்பார்கள். வறுத்த கடலைக்கு அடுப்பு வேண்டாம்.

சவலைப் பிள்ளையும் சேலத்து மருத்துவரும்

1930களில் ஆப்பிரிக்காவின் இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், வயிறும் கால்களும் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மங்கிய குழந்தைகளைக் கண்டார். 1933இல் அந்நோயை விவரித்தார். 1935இல் அவ்வூர்த் தாய்மார் சொன்ன பெயரையே அதற்கு இட்டார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு நெருங்கிய சொல் முன்பே உண்டு. அடுத்த கருவால் தாய்ப்பால் இழந்து மெலியும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். தாய்ப்பால் நின்றபின் அதற்கு ஈடாக என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

பல ஆண்டுகள் உலகம் இதனைப் புரதப் பற்றாக்குறை நோய் என்றே கருதியது. ஏழை நாடுகளுக்குப் புரத மாவு அனுப்பினால் போதும் என்று எண்ணியது. அதனை மறுத்துப் பேசியவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். இக்கிருஷ்ணகிரிப் பகுதியும் 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே அவரை நம் மண்ணுக்குரியவர் என்று சற்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். குன்னூரிலும், 1958இல் அந்த ஆய்வகம் இடம்பெயர்ந்தபின் ஐதராபாத்திலும் அவர் ஆராய்ந்தார். ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளில் சிலர் வீங்குவதையும் சிலர் எலும்பும் தோலுமாவதையும் காட்டினார். நம் ஏழைக் குழந்தைகளின் முதற்குறை புரதம் மட்டுமன்று, மொத்த உணவே போதவில்லை என்பது அவர் முடிவு.

நோயாளியின் வீட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உடலுக்கு வேண்டிய எரிபொருள், அதாவது கலோரி, போதாவிடில் உண்ட புரதமே எரிபொருளாக எரிந்துவிடும். கஞ்சியைக் குறைத்துவிட்டு மாவு மட்டும் கொடுப்பது வீட்டு உத்திரத்தை விறகாக எரிப்பதற்கு ஒப்பு. களியும் வேண்டும், எண்ணெயும் வேண்டும், அவற்றோடு பருப்பும் வேண்டும்.

அல்புமின் தாளை எவ்வாறு படிப்பது

அல்புமின் என்பது கல்லீரல் உற்பத்தி செய்து இரத்தத்தில் விடும் புரதம். பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்கும். இரத்தநீரைக் குழாய்க்குள் பிடித்துவைக்கும் பணிகளில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அது மிகக் குறைந்தால் நீர் கசிந்து காலிலும் வயிற்றிலும் தேங்கும். ஆகவே வீக்கம் கண்டதும் புரதக் குறைபாடு என்று ஊகிப்பது இயல்புதான். ஆயினும் அல்புமின் குறைவதற்கு வழிகள் பல.

சிறுநீரகம் அதை வெளியே விடலாம். சிறுநீர் நுரைத்து, நுரை நெடுநேரம் அடங்காதிருந்தால் இவ்வையம் எழவேண்டும். நெஃப்ரோடிக் என்னும் நிலையில் நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கும் மேல் புரதம் சிறுநீரில் போகும். இங்கே புரதத்தை அள்ளி ஊட்டுவதால் பயனில்லை. பழுதுபட்ட வடிகட்டிக்குச் சுமை கூடுவதே மிச்சம். கல்லீரல் அதை உற்பத்தி செய்ய இயலாமற் போகலாம். நெடுங்கால மதுப்பழக்கமும் மஞ்சள் காமாலை வைரஸ்களும் இதன் முதன்மைக் காரணங்கள். கணையம் பழுதானாலோ குடலில் காசநோய் போன்ற நோய் இருந்தாலோ உண்டது உடலில் சேராது. மலம் எண்ணெய்ப்பசையோடு வெளிறிப் போகும். கடும் தொற்றும் அழற்சியும் ஏற்பட்டால், உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அல்புமின் சில நாள்களிலேயே சரியும். இதய நோயிலும் கால் வீங்கும். அங்கே அல்புமின் சரியாகவே இருக்கலாம்.

மறுபுறம், மாதக்கணக்கில் குறைவாக உண்டு மெலிந்தவரிடம் தொற்றோ அழற்சியோ இல்லாதபோது அல்புமின் அளவு இயல்பாகவே இருப்பது அரிதன்று. உடல் தசையைக் கரைத்து அதைக் காத்துவைக்கிறது. எனவே உணவுக் குறைவைக் கண்டறிய நாங்கள் நம்புவது ஒற்றை எண்ணை அன்று. மூன்று மாதங்களில் எடை எவ்வளவு குறைந்தது, புயத்தின் சுற்றளவு, கைப்பிடியின் வலிமை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, அன்றாடம் உண்பது என்ன: இவையே எங்கள் அளவுகோல்கள். வேட்டி இறுக்கிக் கட்டவேண்டியிருக்கிறது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்று நோயாளி சொல்லும் ஒரு வாக்கியம் சில வேளைகளில் ஆய்வகத் தாளைவிட அதிகம் சொல்கிறது.

பத்தியம் என்னும் பெயரால்

நோய் வந்தபின் தேவை கூடும்போது உணவு குறைக்கப்படுவதுதான் எங்களை மிகவும் வருத்துவது. அறுவைச் சிகிச்சைக்குப்பின் பருப்பும் முட்டையும் உண்டால் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். சீழுக்குக் காரணம் கிருமி. புண்ணை மூடும் புதுத்தோலுக்கு மூலப்பொருள் அந்தப் பருப்பும் முட்டையுமே. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் மிளகு ரசமும் சுட்ட பூண்டும் மட்டுமே என்கிறார்கள். பால் சுரக்கும் முதல் ஆறு மாதங்களில் அவளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும்; பூண்டில் அது இல்லை. முட்டை சூடு என்கிறார்கள். வெயில் நாளிலும் ஒரு முட்டையால் எவருக்கும் தீங்கு வந்ததில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள சிலர் மட்டும் விலக்கு.

பெரியோரின் அன்பிலிருந்து பிறந்த வழக்கங்கள் இவை என்பதை நாங்கள் அறிவோம். ஆகையால் கேலி செய்வதில்லை. பத்தியத்தில் எதைச் சேர்க்கலாம் என்று பேசித் தீர்வு காண்பதே நடைமுறை. பாசிப்பருப்பு பெரும்பாலான பாட்டிமார்க்கு உடன்பாடு; அங்கிருந்து தொடங்கலாம்.

மஞ்சள் காமாலைக்கும் கல்லீரல் நோய்க்கும் கஞ்சி மட்டுமே என்பது இன்னொரு பழக்கம். கல்லீரல் இறுகிச் சுருங்கிய நிலையில் உள்ளவர்க்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. நினைவு தடுமாறும் நிலையில்கூட புரதத்தை நீண்டநாள் நிறுத்திவைப்பதில்லை. பால், பருப்பு போன்றவற்றைச் சிறுசிறு அளவில் பிரித்துக் கொடுக்கிறோம். உறங்கும்முன் ஒரு சிற்றுண்டியும் அவர்களுக்கு வேண்டும், ஏனெனில் இரவெல்லாம் வெறும் வயிறாகக் கிடந்தால் தசை கரையும். முன்பு மருத்துவர்களாகிய நாங்களே புரதத்தைக் குறைக்கச் சொல்லிவந்தோம். அறிவு மாறியது, பழைய சீட்டுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

சிகிச்சை

முதற்பணி காரணத்தைக் கண்டறிவது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு மாவு டப்பாவின் விலைக்கு மிகக் கீழே; அதை முதலில் செய்யுங்கள்.

குறை உணவில்தான் என்றால் உணவே மருந்து. ஆனால் மிகவும் மெலிந்தவர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. பல நாள் பட்டினியாக இருந்தவர்க்கு, நீண்டகாலம் மதுவிலேயே நாள் கழித்தவர்க்கு, ஒரே நாளில் நிறைய உணவு புகட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். இவர்களுக்கு மருத்துவமனையில் வைத்து, தயமின் என்னும் வைட்டமின் கொடுத்து, உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறோம்.

வீங்கிய, மெலிந்த குழந்தைகளுக்கும் அவ்வாறே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் நடுப்புயச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. இரு பாதங்களும் வீங்கியிருந்தாலும் அதே பொருள். உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். வியப்பாகத் தோன்றலாம், இக்குழந்தைகளுக்கு முதல் சில நாள்கள் புரதம் குறைந்த பால்கலவையே தருகிறோம். 100 மில்லியில் ஒரு கிராமுக்கும் குறைவு. தொற்றும் உப்புச்சமநிலையும் சீரான பின்னரே புரதத்தைக் கூட்டுகிறோம். வீட்டில் தாமாகப் புரத மாவைக் கரைத்து ஊட்டுவது அக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மற்றக் குழந்தைகளுக்கு அரசு தரும் உணவைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. 1982இல் விரிவுபெற்ற சத்துணவுத் திட்டத்தில் இன்று பள்ளி நாள்தோறும் முட்டை தரப்படுகிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். வாழைப்பழம் நல்லதே, ஆனால் அதில் புரதம் ஒரு கிராம் அளவே. அப்பிள்ளைக்கு மாலையில் சுண்டல் கொடுத்து ஈடுசெய்யுங்கள்.

காசநோயாளரின் குடும்பத்தார் இப்பகுதியைக் கவனமாகப் படிக்கவேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், காசநோயாளரின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் அடங்கிய உணவுப்பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நோயாளிக்கு எடை ஏறுவதும் உயிர் பிழைப்பதும் நெருங்கிய தொடர்புடையவை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. நிக்ஷய் திட்டத்தின்கீழ் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் வருகிறது. அது உணவுக்கான பணம். வேறு செலவுக்குப் போய்விடாமல் முட்டையும் கடலையுமாக அது தட்டுக்கு வந்துசேரட்டும்.

சிறுநீரக நோயாளர்க்கு எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. டயாலிசிஸ் தொடங்காதவர்க்குக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று மருத்துவர் மட்டுப்படுத்தலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கோ 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் உடலிலிருந்து அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. முதல் நிலையில் கேட்ட அறிவுரையை இரண்டாம் நிலையிலும் பின்பற்றி, முட்டையைத் தொடாமல் மெலிந்துபோனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். நிலை மாறும்போது உணவுச் சீட்டும் மாறவேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம். பல் இல்லை, பசி இல்லை, தனியாக உண்ண மனமில்லை என்பவையே அவர்களிடம் காரணங்கள். பருப்பைக் குழைய வேகவையுங்கள், கடலையைப் பொடித்துக் களியில் தூவுங்கள், மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். அன்றாடம் சிறிது நடையும் நாற்காலியில் எழுந்து அமரும் பயிற்சியும் இல்லாமல் உணவு மட்டும் தசையாக மாறாது.

டப்பாவும் பாட்டிலும்

புரத மாவு எப்போதும் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. விழுங்க இயலாதவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், பெருங்காயம் பட்டவர் ஆகியோர்க்கு அளவு குறித்து நாங்களே எழுதித் தருகிறோம். எழுதித் தராதபோது வாங்குமுன் டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள்: 100 கிராமில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு? புரதத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது விலையுயர்ந்த இனிப்பு. தசை பெருக்க விரும்பும் இளைஞர்களுக்கும் இம்மாவுகள் தேவையில்லை என்றே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள் என்று கேட்போருக்கும் ஒரு கணக்கு. 500 மில்லி கொண்ட ஐந்து விழுக்காட்டுக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதன் ஆற்றல் நூறு கலோரிக்கும் குறைவு. புரதம் அறவே இல்லை. அல்புமின் குறைந்துவிட்டது, கடன் வாங்கியாவது அல்புமின் பாட்டில் வாங்கி ஏற்றலாமா என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. வயிற்றில் தேங்கிய நீரை மிகுதியாக வெளியேற்றும்போதும் வேறு சில நெருக்கடிகளிலும் அது உயிர்காக்கும் மருந்து, நாங்களே கேட்போம். உணவுக்கு மாற்றாக அது பயன்படாது. 20 விழுக்காட்டு அல்புமின் 100 மில்லியில் இருப்பது 20 கிராம் புரதம். மூன்று முட்டைகளில் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. கடன் வாங்கும்முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆலோசனைக்கு வரும்போது

கடந்த மூன்று நாள்களில் உண்டவற்றை, தேநீர் முதல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத இயலாவிடில் தட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்தாலும் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் எழுதினாலும் சரி. பழைய எடைக் குறிப்பு இருந்தால் எடுத்து வாருங்கள். பயன்படுத்தும் மாவு, சூரணம், மாத்திரை அனைத்தையும் டப்பாவோடு கொண்டுவரலாம். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்; எங்கள் அறிவுரையை அடுப்பில் ஏற்றப்போகிறவர் அவர்தான். இரு கால்களிலும் புதிதாக வீக்கம், சிறுநீர் அளவு குறைதல், மூச்சுத்திணறல், முயலாமலே எடை சரிதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மூன்று நாள் குறிப்புக்காகக் காத்திராமல் அன்றே வரவும்.